கடலோரப் பள்ளிகளில் கால்பந்து வீரர் தேர்வு: ஜெகதாப்பட்டினத்தை முன்வைத்து

1. பொருள்

பள்ளிக் கால்பந்தில் திறமையான பையனைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அவன் ஆட்டத்தைப் பற்றி எழுதியும் வைக்க வேண்டும். நம் தேர்வுகள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன.

2. இருக்கும் வழிகள்

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என ஏறிச்செல்லும் பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகள் உண்டு. பள்ளி அணிகளுக்காக 1960இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. மாவட்டத் தேர்வுக்கு, புதுக்கோட்டை மாவட்ட மீனவ ஊரான ஜெகதாப்பட்டினத்துப் பையன் அறந்தாங்கி வழியாகப் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வரவேண்டும். களைத்து வந்தவனை ஒரே காலையில் எடைபோடுகிறோம்.

3. கண் ஏமாறும் இடம்

ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்து ஆடுகிறார்கள். பதின்மூன்று வயதில் அந்தப் பதினோரு மாதம் உயரத்திலும் வேகத்திலும் தெரியும். கனடா ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாகத் தேர்வாவதை ரோஜர் பார்ன்ஸ்லி 1985இல் காட்டினார். நம் தேர்வாளர்களும் வளர்த்தியைத் திறமை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

கடலோரத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் ஆடி, பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2019இல் இந்திய அணிக்கும் ஆடினார். ஆனால் அந்தக் கரையில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக ஊறிய ஆட்டம். பார்க்கத் தெரிந்த கண்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஜெகதாப்பட்டினம் இருக்கும் பாக் நீரிணைக் கரைக்கு அந்தக் கண்களை வெளியிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

4. அறிக்கை

“நன்றாக ஆடுகிறான்” என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. “பந்து வருமுன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறான், இடது கால் பலவீனம், பந்தைப் பறிகொடுத்ததும் தானே துரத்துகிறான்” என்று எழுதினால் அடுத்த பயிற்சியாளர் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். பிறந்த மாதம், ஆடிப் பழகிய தரை, காலணியோடு ஆடிய பழக்கம் ஆகியவையும் அறிக்கையில் இருக்க வேண்டும். மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவன் புல்தரையில் முதல்நாள் தடுமாறுவதைக் குறையாக எழுதுவது அநியாயம்.

5. பரிந்துரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். விடுதிக்கு அனுப்பச் சம்மதம் தரவேண்டிய அப்பாவும் வீட்டில் இருப்பார். விடுதிச் சேர்க்கைக்கும் அதுவே காலம். ஆணையத்தின் பயிற்சியாளர்கள் அந்த நாட்களில் ஜெகதாப்பட்டினத்துக்கே வரட்டும். இரண்டு மூன்று ஆட்டம் பார்க்கட்டும். தேர்வாகாத பையனின் அறிக்கையையும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.