தானுந்துக் குளிரூட்டியின் பழுதறிதல்

தானுந்துக் குளிரூட்டியின் பழுதறிதல் என்பது, தானுந்தில் (கார்) பொருத்தப்பட்ட குளிரூட்டி இயங்காதபோதோ போதிய குளிர்ச்சி தராதபோதோ அதற்கான காரணத்தை ஒழுங்குமுறையாகச் சோதித்து அறிவதாகும். பேச்சுவழக்கில் இக்கருவி ஏ.சி. எனப்படுகிறது. குளிர்ச்சி குறைந்தவுடன் "கேஸ் தீர்ந்துவிட்டது" எனக் கருதி மீண்டும் நிரப்புவது பரவலான வழக்கம். ஆனால் குளிரூட்டி ஒரு மூடிய சுற்று ஆகும். அதிலுள்ள கேஸ், எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. இரப்பர்க் குழாய்கள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறலாம். ஆண்டுதோறும் நிரப்ப நேர்ந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள்.

செயற்பாடு

குளிரூட்டியில் சுற்றிவரும் குளிர்பதனப் பொருளே பணிமனைகளில் கேஸ் எனப்படுகிறது. அமுக்கி (கம்ப்ரசர்) இதனை உயர் அழுத்தத்துக்கு உட்படுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஒடுக்கியில் (கன்டென்சர்) அது வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. பின்னர் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகச் சென்று, விரிவு வால்வில் அழுத்தம் குறைந்து, டாஷ்போர்டின் உள்ளே இருக்கும் ஆவியாக்கியில் கொதித்து ஆவியாகிறது. அவ்வாறு ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆவியாக்கியைப் பணிமனையினர் கூலிங் காயில் என்பர். புளோயர் என்னும் விசிறி அக்குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்துகிறது.

முதற்கட்டச் சோதனைகள்

அழுத்தமானியைப் பொருத்துவதற்கு முன்பே, அறிகுறிகளைக் கொண்டு பல பழுதுகளை அடையாளம் காணலாம்.

- காற்றே வரவில்லை: புளோயரின் பியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பல வண்டிகளில், மிகுவேகத்தில் மட்டும் புளோயர் சுற்றினால் அதன் மின்தடை பழுதாகியிருக்கும்.
- காற்று வருகிறது, ஆனால் குறைவு: உட்புறக் காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம்.
- முதலில் குளிர்ந்து, சற்று நேரத்தில் காற்றோட்டம் குறைகிறது: கூலிங் காயிலில் பனிக்கட்டி படிகிறது. ஏ.சி.யைச் சிறிது நேரம் நிறுத்தியபின் நிலை சீரானால் இது உறுதியாகும்.
- ஓடும்போது குளிர்ச்சி, நெரிசலில் நிற்கும்போது வெப்பம்: கன்டென்சர் விசிறி சுற்றாமல் இருக்கலாம்.
- கம்ப்ரசரின் மின்காந்தக் கிளட்ச் இணையவில்லை: பியூஸ், ரிலே, அழுத்த உணரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேஸ் மிகக் குறைந்தாலும், எந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் கிளட்ச் துண்டிக்கப்படும். கிளட்ச் இல்லாத கம்ப்ரசர்களுக்கு இச்சோதனை பொருந்தாது.
- குழாய்கள் குளிர்ந்துள்ளன, ஆனால் வெப்பக் காற்று வருகிறது: வெப்பக் காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவு சிக்கியிருக்கலாம்.

அழுத்த அளவீடு

ஆர்-134ஏ கொண்ட அமைப்பில், எந்திரம் ஓடாத நிலையில், 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருபுற அழுத்தமும் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. இருக்கும். ஆனால் உள்ளே சிறிதளவு நீர்மம் இருந்தாலும் இதே அளவுதான் காட்டும். எனவே நின்ற நிலை அழுத்தத்தைக் கொண்டு கேஸின் அளவை முடிவு செய்ய இயலாது. ஓடும் நிலையிலும் அளக்க வேண்டும். கோடைக்கால வெப்பநிலையில் தாழ் பக்கம் சுமார் 30 முதல் 50 பி.எஸ்.ஐ., உயர் பக்கம் சுமார் 200 முதல் 300 பி.எஸ்.ஐ. வரை இருப்பது பொதுவானது. சரியான அளவை வண்டியின் கையேட்டில் காண்க.

- இரண்டும் குறைவு: கேஸ் குறைந்துள்ளது.
- இரண்டும் மிகுதி: கேஸ் அளவுக்கு மிஞ்சியது, கன்டென்சருக்குக் காற்று போதவில்லை, அல்லது சுற்றினுள் காற்று புகுந்துள்ளது.
- தாழ் பக்கம் மிகுதி, உயர் பக்கம் குறைவு: கம்ப்ரசரின் உட்பகுதி தேய்ந்துள்ளது.
- தாழ் பக்கம் வெற்றிடம் வரை இறங்குகிறது: விரிவு வால்விலோ டிரையரிலோ அடைப்பு உள்ளது, ஈரம் உறைந்தும் அடைப்பு உண்டாகலாம்.

கசிவைக் கண்டறிதல்

கேஸுடன் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் காணப்படும். சோப்பு நீர், மின்னணுக் கசிவறி கருவி, புறஊதா ஒளியில் மிளிரும் சாயம் ஆகியவை பயன்படுகின்றன. வெற்று அமைப்பைச் சோதிக்க உலர் நைட்ரசன் ஏற்றது. உயர் அழுத்தத்தில் காற்றுடன் கலந்த ஆர்-134ஏ தீப்பற்றக் கூடியது என்பதால் அழுத்திய காற்றைப் பயன்படுத்தலாகாது. ஆக்சிசனையும் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

கடற்கரைப் பகுதிகளில்

புதுச்சேரி நகரை அடுத்த தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தையொட்டி மீன்பிடித் துறைமுகத்துடன் அமைந்துள்ளது. இத்தகைய இடங்களில் இரண்டு இயல்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது உப்புக்காற்று. கன்டென்சர் மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது; வண்டியின் முன்பக்கத்தில் இருப்பதால் உப்பு முதலில் அதன் மீதே படிகிறது. ஈரத்துடன் சேர்ந்த உப்பு அலுமினியத்தை அரித்து நுண்துளைகளை உண்டாக்குகிறது. எனவே கடலோர வண்டியில் கசிவைத் தேடும்போது கன்டென்சரை முதலில் பார்ப்பது பயனுடையது. நன்னீரை மென்மையாகப் பாய்ச்சி அவ்வப்போது கழுவினால் உப்பு நீங்கும். உயர் அழுத்தப் பீச்சு தகடுகளை வளைத்துவிடும்.

இரண்டாவது ஈரப்பதம். காற்றிலுள்ள நீராவியை நீராக்குவதற்கே குளிரூட்டும் திறனின் ஒரு பகுதி செலவாகிறது. ஆகவே வறண்ட ஊர்களைக் காட்டிலும் இங்கு வெளிவரும் காற்று சற்று வெப்பமாக இருப்பது பழுதின் அறிகுறி அன்று. வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவதும் இயல்பே. அந்நீர் வெளியேறாமல் முன் இருக்கையின் காலடியில் தேங்கினால் வடிகுழாய் அடைபட்டுள்ளது.

மீள்நிரப்பலும் பாதுகாப்பும்

கசிவைச் சரிசெய்த பின்னரே நிரப்ப வேண்டும். வெற்றிட எக்கியால் குறைந்தது அரை மணி நேரம் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, வெற்றிடம் நிலைக்கிறதா எனக் கவனித்து, குறிப்பிட்ட எடையளவு கேஸை நிரப்புவர். கேஸ் குறைந்த நிலையில் ஓட்டினால் எண்ணெய் சரிவரச் சுற்றாமல் கம்ப்ரசர் கெடும்.

வளிமண்டல அழுத்தத்தில் ஆர்-134ஏ சுமார் -26 பாகை செல்சியசில் கொதிப்பதால், தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைபுண் உண்டாகும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவை. சுடரில் பட்டால் நச்சு வளிமங்கள் உருவாகும். சமையல் எரிவாயுவை மாற்றாக நிரப்புவது தீ விபத்துக்கு இடமளிக்கும். மின் தானுந்துகளின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால் பயிற்சி பெற்றவர் மட்டுமே அதனைத் தொட வேண்டும்.

சூழல் தாக்கம்

முன்னர்ப் பயன்பட்ட ஆர்-12 ஓசோன் படலத்தைச் சிதைத்ததால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ்க் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 1,430 மடங்கு புவி வெப்பமாக்கும் திறன் உடையது. அரைக் கிலோ கசிந்தால் அது சுமார் 715 கிலோ காபனீரொட்சைட்டுக்கு இணை. அதாவது கிலோமீட்டருக்கு 120 கிராம் வெளிவிடும் தானுந்து ஏறத்தாழ 6,000 கி.மீ. ஓடுவதற்குச் சமம். இவ்வகைப் பொருட்களைக் குறைக்கும் கிகாலி திருத்தம் 2016இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2021இல் அதனை உறுதிசெய்தது. ஆகவே பழுதுபார்க்கும் முன் எஞ்சிய கேஸை வெளியில் விடாமல் மீட்பு எந்திரத்தில் சேகரிப்பதும், கசிவை அடைக்காமல் மீண்டும் நிரப்பாதிருப்பதும் முறையான பழுதுபார்ப்பின் பகுதிகளாகும்.