நித்தியகல்யாணி தந்த மருந்து

நாம் குடியேறி வாழும் ஊர்களில் வீட்டு முற்றந்தோறும் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்து நிற்கும் ஒரு செடியை இந்தி பேசுவோர் சதாபஹார் என்பர். மராட்டியர் சதாபுலி என்பர். வங்காளியர் நயன்தாரா என்பர். அது நம் நித்தியகல்யாணியே. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி புற்றுநோய் மருத்துவத்தில் இடம்பெற்ற வரலாறு அறியத்தக்கது.

ஜமைக்காத் தீவில் மக்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குப் பருகிவந்தனர். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் அஞ்சல் உறையொன்றில் கனடாவிலிருந்த டாக்டர் கிளார்க் நோபிளை அடைந்தன. அவர் அவற்றை மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய தம் இளவல் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார்.

இலைச்சாறு எலிகளுக்கு வாய்வழியே ஊட்டப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசியால் செலுத்தியபோதோ எலிகள் சில நாட்களில் இறந்தன. நஞ்சென்று சாற்றை ஒதுக்காமல், சாவின் காரணத்தை ஆய்வாளர் தேடினர். எலிகளின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை நலிந்திருந்தது. கிருமிகளை எதிர்க்க வலுவின்றி அவை மாண்டிருந்தன. அவ்வாறாயின், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இச்சாறு மருந்தாகலாமன்றோ?

1954இல் உடன்சேர்ந்த வேதியியலார் சார்லஸ் பியர், சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வின்பிளாஸ்டின் என்னும் ஆல்கலாய்டைத் தூய நிலையில் எடுத்தார். 1958இல் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தாரும் தனியே சோதித்து, இரத்தப் புற்றுநோய் ஏற்றப்பட்ட சுண்டெலிகள் இச்சாற்றினால் ஆயுள் நீடிக்கக் கண்டனர். அங்கு ஸ்வோபோடா பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. பிற மருந்துகளோடு சேர்ந்து, அது இன்றளவும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றும். அவ்விழைகள் உருவாகாதபடி இம்மருந்துகள் தடுக்கின்றன. புற்றணுவுக்கு நேரும் அக்கேடு, விரைந்து பெருகும் நல்லணுவுக்கும் நேரும். வின்பிளாஸ்டின் வெள்ளணுக்களைக் குறைக்கும்; வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தாக்கும். அதைச் சிரையில் மட்டுமே செலுத்த வேண்டும்; தவறித் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிர் போகும். எலிகளைக் கொன்ற ஆற்றலே நோயையும் அழிக்கிறது. இரண்டையும் பிரித்து நிறுத்துவது அளவொன்றே. அவ்வளவைக் காண்பதற்கே விலங்குகளிலும், பின்னர் நோயாளிகளிலும் படிப்படியான சோதனைகள் வேண்டியிருந்தன.

ஒரு கிராம் மருந்தைப் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆதலால் முற்றத்து இலையைக் கஷாயமிட்டால் அம்மருந்து கிடைக்கும் என்றெண்ணுவது பிழை. அதிலுள்ள பிற ஆல்கலாய்டுகள் தீங்கும் செய்யலாம். அண்டை வீட்டார் அன்பினால் அக்கஷாயத்தைப் பரிந்துரைப்பின், அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.