எண்ணிட்ட படிகள்: கருப்பு வெள்ளை ஒளிப்படச் சேகரிப்பின் வரலாறு

‘படி’ என்னும் சொல்லை ஏடு பெயர்த்தெழுதிய காலத்திலிருந்தே நாம் அறிவோம். ஓலைச்சுவடியின் படிகள் ஒன்றுபோல் இரா. எழுதுபவர் மாறினால் எழுத்தும் மாறும், சில இடங்களில் பாடமும் மாறும். அச்சு இயந்திரம் வந்தபின் ஆயிரம் படிகளும் ஒரே முகம் கொண்டன. ஒளிப்படத்தின் படி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இதனை மனத்திற்கொண்டால், ஒளிப்படத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘7/25’ என எழுதியிருப்பதற்குச் சேகரிப்பாளர்கள் ஏன் பெரும்பொருள் தருகிறார்கள் என்பது விளங்கும்.

எண்ணிடும் வழக்கம் செப்புத்தகட்டில் கோடு கீறி மையிட்டு அச்சிட்ட ஓவியர்களிடமிருந்து வந்தது. அழுத்தி அச்சிட அச்சிடத் தகடு தேயும். முதற்படிகள் கூர்மையாகவும் பிற்படிகள் மங்கலாகவும் அமையும். அங்கே எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தது தகடே. நெகட்டிவ் அவ்வாறு தேய்வதில்லை. ஆகவே ஒளிப்படத்தில் எண் என்பது பொருளின் எல்லை அன்று, ஒருவர் தரும் வாக்கு.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இத்தகைய எல்லையை விரும்பியவர் அல்லர். 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, நியூ மெக்சிகோ மாநிலத்தின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூர் வழியே அவர் காரில் சென்றபோது, கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் படிந்திருக்க, கிழக்கே நிலவு எழுந்திருந்தது. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை நினைவிலிருந்து கணக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. எடுத்த ஆண்டை அவரே பலவாறு குறித்து வந்தார். நிலவின் நிலையைக் கொண்டு வானியலாளர்களே பின்னர் நாளைக் கணித்தனர். அவர்களும் முதற்கணிப்பை ஒரு நாள் திருத்தி, நவம்பர் 1 என்று முடித்தனர்.

அந்த ஒரு நெகட்டிவிலிருந்து ஆடம்ஸ் தம் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட படிகளை இருட்டறையில் உருவாக்கினார். தொடக்கப் படிகளில் வானில் மேகக்கீற்றுகள் தெரியும். பிற்படிகளில் வானம் ஏறக்குறைய முழுக்கருமை. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிப்பொருளால் வலுவூட்டியதும் அவரே. இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் படியை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். சுவடிப் பதிப்பாளர்கள் இதனைப் பாடவேறுபாடு என்பார்கள். 1975ஆம் ஆண்டுடன் புதிய வேண்டுகைகளை ஏற்பதில்லை என ஆடம்ஸ் அறிவித்ததும் வணிகர்கள் விரைந்து வந்து குவித்தனர். அவற்றை முடிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. இத்தனை படிகள் இருந்தும், 2006இல் ஒரு படி 609,600 அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. அருமை மட்டுமே விலையை ஆக்குவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் கண்டதில்லை.

பிரெட் வெஸ்டன் வேறு வழி சென்றார். தம் நெகட்டிவிலிருந்து பிறர் படி எடுக்கலாகாது என்று, 1991இல், எண்பதாம் பிறந்தநாளில், அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தீயிலிட்டார். கலைஞனின் உரிமை அது என்போர் உண்டு. நமக்கு அது இன்னும் உறுத்துகிறது.

எண் இல்லாத பழம்படிகளில் நம்பிக்கை தாளைச் சார்ந்தது. 1940இல் மறைந்த லூயிஸ் ஹைனின் கையால் ஆனவை என விற்கப்பட்ட பல படிகள், 1990களின் இறுதியில் ஐயத்திற்குள்ளாயின. புற ஊதா ஒளியில் அவற்றின் தாள் நீலமாக ஒளிர்ந்தது. அவ்வொளிர்வுக்குக் காரணமான வெண்மையூட்டிகள் ஒளிப்படத்தாளில் கலக்கப்பட்டது 1950களிலேதான்.

எண் இருப்பினும் வழக்கு வரும். வில்லியம் எகிள்ஸ்டன் (இவர் வண்ணப்படக்காரர்) முன்பு எண்ணிட்டு விற்ற படங்களை 2012இல் பெரிய அளவில், புதிய அச்சுமுறையில் மீண்டும் வெளியிட்டார். பழைய படிகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். ‘பதிப்பு’ என்னும் சொல் படத்தைக் குறிக்கிறதா, குறித்த அளவிலும் முறையிலும் ஆன படிகளை மட்டும் குறிக்கிறதா என்பதே வினா. சொற்பொருளியல் வகுப்பில் எழவேண்டிய வினா நீதிமன்றத்தில் எழுந்தது. அளவும் முறையும் வேறாதலின் இது வேறு பதிப்பே எனக் கொண்டு, 2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆகவே வாங்குவோர் எண்ணோடு அளவு, தாள், அச்சுமுறை, படியெடுத்த ஆண்டு ஆகியவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். கணக்கில் சேராத ‘கலைஞர் படிகள்’ எத்தனை என்பதையும் கேட்கலாம். 25 என்ற பதிப்பில் 28 இருப்பதுண்டு.