தண்டெடுத்தல்

தண்டெடுத்தல் என்பது ஓர் அரசனோ தளபதியோ படையைத் திரட்டி, பகைவர் நாட்டை நோக்கி நடத்திச் செல்வதைக் குறிக்கும் பழைய படைத்துறைச் சொல் ஆகும். இன்றைய வழக்கில் இதன் இடத்தைப் படையெடுத்தல் என்ற சொல் பிடித்துக்கொண்டது.

சொற்பொருள்

தண்டு என்பது இங்கே படை எனப் பொருள்படும். கோல், தண்டனை, படை ஆகிய பொருள்களை உடைய வடமொழித் தண்டம் என்பதோடு தொடர்புடையது. படைத்தலைவனைக் குறிக்கும் தண்டநாயகன் என்ற பட்டமும் இவ்வழி வந்ததே. படை புறப்படுவது தண்டெடுத்தல். வழியில் தங்குவது தண்டு இறங்குதல். போர் செய்வதை இச்சொல் குறிப்பதில்லை, போருக்கு முந்திய நகர்வை மட்டுமே குறிக்கும். தொல்காப்பியம் இந்நகர்வை வஞ்சித் திணை எனத் தனியே வகுத்துள்ளது.

தங்கிய இடத்தின் பெயராகவும் தண்டு நிலைத்துள்ளது. பெங்களூரின் பாசறைப் பகுதியைக் கன்னடத்தில் இன்றும் தண்டு என்பர். கோயம்புத்தூரில் தண்டு மாரியம்மன் கோயில் உள்ளது. வடசென்னையின் தண்டையார்பேட்டையையும் இவ்வரிசையில் சேர்க்கத் தோன்றும். ஆனால் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு சான்று வேண்டும். தொண்டி அருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபால் அப்பெயர் வந்தது என்ற பரவலான விளக்கமும் பொருந்தவில்லை. அவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். அவ்வூரோ 1693இலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்டது.

சென்னை மீது வந்த தண்டுகள்

1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தை எளிதாகக் கைப்பற்றி, அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டையைத் தாக்கியது. ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததால் 1759 பெப்ரவரியில் முற்றுகை கைவிடப்பட்டது.

தண்டெடுத்தலின் ஆற்றலைக் காட்டச் சிறந்த எடுத்துக்காட்டு ஐதர் அலியின் 1769ஆம் ஆண்டு நகர்வு. முதலாம் மைசூர்ப் போரின் இறுதியில், கம்பெனிப் படையைச் சென்னையிலிருந்து வெகுதூரம் தெற்கே இழுத்துச் சென்ற அவர், தமது பெரும்படையையும் மூட்டை முடிச்சுகளையும் பீரங்கிகளையும் கணவாய்கள் வழியே மைசூருக்குத் திருப்பி அனுப்பினார். பின்னர் ஏறத்தாழ 6,000 குதிரை வீரர்களையும் சில நூறு காலாட்களையும் மட்டும் கொண்டு, மூன்றரை நாட்களில் 130 மைல் கடந்து, மார்ச் இறுதியில் பரங்கிமலையை அடைந்தார். நாளொன்றுக்குச் சுமார் 60 கி.மீ. எனலாம். பீரங்கி இல்லாத அப்படையால் கோட்டையைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் மதிலற்ற ஊர்ப்புறங்களும் அவற்றின் மக்களும் அதன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது. கைப்பற்றிய பகுதிகளை இரு தரப்பும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. பெரும் சண்டை எதுவுமின்றி, நடையாலேயே பெற்ற வெற்றி இது.

எஞ்சியுள்ள மதில்

இவ்வச்சத்தின் விளைவாக, கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பால் பென்ஃபீல்டு என்னும் ஒப்பந்தக்காரர் மதில் எழுப்பினார். மதிலின் செலவுக்காக மக்கள் மீது விதிக்க எண்ணிய வரியின் நினைவாகவே வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் வழங்குகிறது. அச்சாலை தற்போது வ.உ.சி. சாலை எனப் பெயர் மாற்றப்பட்டிருப்பினும், பழைய பெயரே பேச்சில் உள்ளது. மதிலின் பெரும்பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டது. இராயபுரத்தை ஒட்டி எஞ்சிய துண்டின் மேல் மாடிப் பூங்கா அமைக்கப்பட்டது.