ஹேட்டார் கல்குவாரியும் ஒளித்துவைத்த பெட்டிகளும்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் பரந்து கிடக்கும் டார்ட்மூர் மேட்டுநிலம், ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டான கருங்கல்லால் ஆனது. அதன் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹேட்டார் குன்றின் அருகே, 19ஆம் நூற்றாண்டில் பெருங்கட்டடங்களுக்குக் கல் வெட்டிய குவாரிகள் நீர் தேங்கிய பள்ளங்களாக எஞ்சியுள்ளன. ஜியோகேச்சிங், அதாவது ஒருவர் மறைத்துவைத்த பெட்டியை அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொண்டு பிறர் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் பெயர் பதியும் பொழுதுபோக்கு, இத்தகைய பழைய குவாரிகளைப் பல நாடுகளிலும் நாடிச் செல்கிறது. ஆனால் டார்ட்மூரில் குவாரியின் வரலாறும் பெட்டி தேடும் வழக்கத்தின் வரலாறும் ஒரே நிலத்தில் வேர் கொண்டவை.

ஹேட்டார் குவாரிகளின் உரிமையாளரான ஜார்ஜ் டெம்ப்ளர், கல்லைக் கீழே கொண்டுசெல்ல 1820இல் ஒரு டிராம் பாதையைத் திறந்தார். இரும்புக்குப் பதிலாகக் குவாரியின் கருங்கல்லையே நீண்ட துண்டுகளாக வெட்டி, சக்கரம் விலகாதபடி விளிம்பு செதுக்கித் தண்டவாளமாகப் பதித்தனர். பாரம் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்க, காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துவந்தன. ஸ்டோவர் கால்வாயில் படகேறிய கல், டின்மத் துறைமுகத்தில் கப்பலுக்கு மாறி லண்டனை அடைந்தது. 1831இல் திறக்கப்பட்ட லண்டன் பாலத்திலும் அது இடம்பெற்றது. வண்டி, படகு, கப்பல் என்று மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் செலவால், கடலுக்கு அருகிலேயே வெட்டப்பட்ட கார்ன்வால் கல்லோடு போட்டியிட இயலாமல் தொழில் நலிந்தது; 1858 அளவில் பாதை பயனற்றுப் போனது. இரும்பாக இருந்தால் பெயர்த்து விற்கப்பட்டிருக்கக்கூடிய தண்டவாளம், கல்லாக இருந்ததால் பல இடங்களில் அப்படியே கிடக்கிறது.

குவாரி நலிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1854இல், சாக்ஃபர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், மேட்டுநிலத்தின் வடபகுதியில் எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் குளத்தருகே, அங்கு வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டைப் போட்டுச்செல்லும் பொருட்டு ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தார். பின்னர் வந்தோர் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை அதில் விட்டுச்செல்வதும், அடுத்து வருபவர் அவற்றை எடுத்துத் தபாலில் சேர்ப்பதும் பழக்கமாகவே, அதற்கு ‘லெட்டர்பாக்ஸிங்’ என்ற பெயர் நிலைத்தது. பெட்டிகள் பெருகியபின், திசைகாட்டியால் குன்றுகளின் திசையளந்து இடத்தைக் கண்டு, பெட்டிக்குரிய ரப்பர் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வது இதன் முறையாயிற்று.

திசைகாட்டியின் வேலையைச் செயற்கைக்கோள் ஏற்றது 2000ஆம் ஆண்டில். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு அவ்வாண்டு மே 2ஆம் தேதி நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் அறிவித்தார். இதுவே முதல் ஜியோகேச் எனக் கொள்ளப்படுகிறது.

தேடுவோர் பெருகினால் தேடப்படும் இடமே சிதையக்கூடும் என்பதால், தொல்சின்னங்களிலும் கற்சுவர்களிலும் பெட்டி வைக்கலாகாது என டார்ட்மூரின் லெட்டர்பாக்ஸிங் நெறிகள் விலக்கின. ஜியோகேச்சிங்கும் நில உரிமையாளரின் இசைவைக் கோருவதோடு, பெட்டியைப் புதைப்பதைத் தடுக்கிறது. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியால் 2004இல் தோன்றிய ‘எர்த்கேச்’ இன்னும் ஒரு படி மேலே சென்று, பெட்டியையே கைவிட்டு, பாறையை நேரில் ஆராய்ந்து கேள்விகளுக்கு விடை சொல்வதையே கண்டுபிடிப்பாக ஏற்கிறது. மண்ணும் புல்லும் மூடியிருந்த பாறையின் உள்ளமைப்பை வெட்டித் திறந்து காட்டும் கல்குவாரி இவ்வகைத் தேடலுக்கு மிகவும் ஏற்றது. கல் விலை போன காலத்தில் வண்டியேற்றி அனுப்பப்பட்டதைவிட, வெட்டாமல் விடப்பட்ட முகமே குவாரிக்கு இன்று மதிப்பைத் தருகிறது.