வாடகைக் குடியிருப்பிலிருந்து சொந்த வீட்டுக்கு: சென்னைக் குடிசை மாற்றுத் திட்டங்கள்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், சென்னைக் குடிசைவாழ் மக்களுக்கு மாடி வீடுகள் கட்டித் தருவதற்காக 1970இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. முதலில் வாடகை வீடுகளைக் கட்டிய இவ்வாரியம், பின்னர் வீட்டையும் மனையையும் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் முறைக்கு மாறியது. 2021இல் இது 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

வாடகைக் காலம்

1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுப்பப்பட்டன. மெரினா கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் மீனவர்களுக்குக் கட்டப்பட்ட வீடுகள் இதற்கு எடுத்துக்காட்டு. தொழில் செய்யும் இடத்தருகே குடியிருக்க முடிந்தது இம்முறையின் நன்மையாகும். ஆனால் ஏழைகள் தரக்கூடிய குறைந்த வாடகை, கட்டுமானச் செலவையும் பராமரிப்புச் செலவையும் ஈடுசெய்யவில்லை. அந்த வாடகையும் பலரிடம் நிலுவையில் நின்றது. எனவே வீடுகளின் எண்ணிக்கை தேவையை எட்டவில்லை.

மனையும் உரிமையும்

1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இதன்படி அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனைகளைப் பிரித்து, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுடன் தவணை முறையில் வழங்கியது. சிறு மனைகளில் முழு வீடு கட்டப்படவில்லை. கழிப்பறையோ ஓர் அறையோ மட்டும் அமைத்துத் தரப்பட்டது. மீதியைக் குடும்பங்கள் கையில் பணம் சேரச் சேரக் கட்டிக்கொண்டன. வசதி படைத்தோருக்கும் கடைகளுக்கும் கூடுதல் விலைக்கு மனை விற்றுக் கிடைத்த வருவாய், ஏழைகளின் மனை விலையைக் குறைக்க உதவியது. குடிசை மாற்று வாரியமோ குடிசைப் பகுதிகளை அங்கேயே மேம்படுத்தி, குடியிருந்தோருக்கு மனையுரிமை வழங்கும் பணியை ஏற்றது.

எஞ்சிய சிக்கல்கள்

தவணை முடிந்தவுடன் உரிமை முழுமையாகிவிடாது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். பல பகுதிகளில் நிலம் வேறு அரசுத் துறைகளின் பெயரில் இருந்ததால் பத்திரம் வழங்குவது தாமதமானது. பத்திரம் இல்லாத வீட்டை அடமானம் வைத்து வங்கிக் கடன் பெறுவது கடினம்; விற்றாலும் உரிய விலை கிடைப்பதில்லை.

நகருக்குள் நில விலை உயர்ந்த பிறகு, கண்ணகி நகர் போன்ற தொலைவான இடங்களில் வீடுகள் கட்டப்பட்டன. அங்குத் தவணை குறைவு. ஆயினும் பழைய வேலைக்குச் சென்றுவர ஆகும் பேருந்துச் செலவும் நேரமும் கூடின. வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் பலர் வேலையை இழந்தனர். தவணைத் தொகையுடன் இவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான், ஒரு வீடு ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பது தெரியும்.