முடிவு தெரிந்த கதையில் எதற்குப் பதைப்பு? - 'வானம் வசப்படும்'

பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலைக் கையில் எடுக்கும் புதுச்சேரிக்காரர் எவருக்கும் முடிவு முன்பே தெரியும். துய்ப்ளேக்ஸ் எப்படியும் தோற்கப் போகிறார், இந்தியா ஆங்கிலேயர் கைக்குத்தான் போகப் போகிறது. பள்ளிப் பாடத்திலேயே இருக்கிற சங்கதி இது! ஆனாலும் 'அடுத்து என்ன ஆகுமோ?' என்ற பதைப்பு கடைசிவரை விடுவதில்லை. 1995ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவலுக்கு இந்தப் பதைப்பு எங்கிருந்து வந்தது?

ஒரு நாட்குறிப்பிலிருந்துதான். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். வரலாற்று ஆசிரியருக்கு முடிவு தெரியும். அன்றன்று ராத்திரி எழுதுகிறவருக்கு மறுநாள் விடிந்தால் என்ன சேதி வரும் என்று தெரியாது. அந்தத் தெரியாமையை பிரபஞ்சன் கலைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார். சரித்திர நாவல் என்றாலே குதிரையும் வாளும் சுரங்கப்பாதையும் என்று பழகிய வாசகருக்கு இது புதிதாக இருக்கும்.

உதாரணத்துக்கு துபாஷ் பதவியை எடுத்துக்கொள்வோம். துபாஷ் என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. துணிக் கொள்முதல், வியாபாரிகளுக்கு முன்பணம், அரண்மனைத் தூது எல்லாமே அவர் கைவழியாகத்தான் போகும். 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தபோது அந்த நாற்காலி காலியானது. அதில் கிறிஸ்தவர் ஒருவரே உட்கார வேண்டும் என்பது கவர்னரின் மனைவி மதாம் ழானின் விருப்பம். பிள்ளையோ இந்து. பதவி அவருக்கு உறுதியாவதற்குள் 1747 பிறந்துவிட்டது. அதுவரை கவர்னர் முகம் சுளித்தாரா, சிரித்தாரா என்று கவனிப்பதே அவருக்கு வேலை. ஒரு வியாபாரியின் பிழைப்பே இதில் தொங்கும்போது தனியாகக் கொலையும் கொள்ளையும் எதற்கு?

1748ல் பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அந்த நாட்களில்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை தன் நாட்குறிப்பில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பெரிய துபாஷ்தான், கவர்னரிடம் நேரில் பேசக் கூடியவர்தான். அவராலும் தடுக்க முடியவில்லை. அக்டோபரில் மழை வந்து முற்றுகை கலைந்தது, ஆனால் கோயில் போனது போனதுதான்.

நகரத்தின் கதை இப்படி என்றால், வில்லியனூர், பாகூர் பக்கத்து வாசகருக்கு இன்னொரு கேள்வியும் எழும். 'அப்போது நம் ஊர் யாருடையது?' 1749ல் சந்தா சாகிப், தனக்கு உதவிய பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த இரண்டு ஊர்களையும் சுற்றுக் கிராமங்களோடு கொடுத்தார். ஏரிப் பாசனமும் நெல் விளைச்சலும் உள்ள பாகூர், திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கும் வில்லியனூர் இரண்டும் படை உதவிக்குக் கூலியாகக் கைமாறின. உழுதவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றே வருடம்... 1752ல் பாகூரிலேயே போர். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படை வென்றது, பிரெஞ்சுத் தளபதி கெர்ழான் சிறைப்பட்டார். துய்ப்ளேக்ஸின் நெருங்கிய உறவினர் அவர். இரண்டு வருடம் கழித்து, 1754ல், துய்ப்ளேக்ஸையே பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது.

பிள்ளை 1761 ஜனவரி 12ல் இறந்தார். நான்கு நாள் கழித்து, 16ஆம் தேதி, நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிறகு அதைத் தரைமட்டமாக்கினார்கள். ஒப்பந்தத்தின் பேரில் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தார்கள். 1783ல் வெர்சாய் உடன்படிக்கை எழுதியபோது, புதுச்சேரியைச் சுற்றி அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நிலம் என்று வில்லியனூர், பாகூர் இரண்டின் பெயரையும் குறிப்பிட்டே எழுதினார்கள். இன்றும் இரண்டும் தனித்தனிக் கொம்யூன்கள்.